மாதம்மாள், க/பெ முனுசாமி

பைசுஹள்ளி ஆய்வகத்தில்
பன்னிரண்டாம் எண் கணினிக்கு மட்டும்
மின்விசிறிக் காற்று வரும்.
அங்கே உட்கார்ந்துதான்
நாற்பத்தோராயிரம் பேரை
முப்பத்தெட்டாயிரம் ஆக்கினேன்.

கொலை இல்லை.
முதுகலை இரண்டாம் ஆண்டு ஆய்வேடு:
இரட்டைப் பதிவு நீக்கம்.
ஃபுளூரைடு தண்ணீர் குடித்த ஊர்களில்
பல்லையும் எலும்பையும் பார்த்த முகாம்களின் பட்டியல் ஒன்று,
சுகாதார நிலையத்துப் பட்டியல் ஒன்று.
இரண்டையும் சேர்க்கும்போது
ஒரே ஆள் இரண்டு முறை நோகக் கூடாது.
அது தரவுத்தளத்தின் அறம்.

இந்த மாவட்டத்துப் பெயர்களோடு
மல்லுக்கட்டியவர்களுக்குத் தெரியும்.
மாதம்மா, மாதம்மாள், மாதம்மள், மாதி.
ஒரே ஒன்றியத்தில் அறுநூற்றுப் பதினேழு.
பிறந்த தேதி தெரியாதவர்கள் எல்லோரும்
ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்துவிடுகிறார்கள்.

இம்தியாஸ் எழுதிய நிரல்
எழுத்துக்கு எழுத்து தூரம் அளக்கும்.
பெயர், கணவர், கதவு எண், வயது என்று
பொருத்தம் பார்க்கும்.
பத்துக்கு ஒன்பது தேறினால் போதும்,
ஒருவரே என்று முடிச்சுப் போட்டுவிடும்.
நாள் நட்சத்திரம் கேட்காது.

(என் உதவித்தொகை இன்னும் வரவில்லை.
மதிப்பெண் பட்டியலில் நான் குமுதவள்ளி,
ஆதாரில் குமுதவல்லி.
ஒரே ஒரு எழுத்துத் தூரம்.
என்னை இரண்டு பேர் என்கிறது வேறொரு நிரல்.)

மாதம்மாள், க/பெ முனுசாமி,
3/114, புங்கன் கொட்டாய்.
இரண்டு பட்டியலிலும் அச்சு அசல்.
முந்தைய பதிவில் முழங்கால் வளைவு.
மூன்று வருடம் கழித்து, நேர்.
எலும்பு திரும்பி நிமிராதே மேடம் என்றேன்.
உள்ளீட்டுப் பிழையாக இருக்கும்,
வெள்ளிக்கிழமை சமர்ப்பிக்க வேண்டும்
என்றார் வெண்ணிலா மேடம்.
அவருக்கும் என்னைப்போல ஒன்பது பேர்.

பாலக்கோடு வரை பேருந்து.
அப்புறம் ஷேர் ஆட்டோ, தக்காளிக் கூடைகளுக்கு நடுவே.
கதவைத் தட்டினேன்.
மாதம்மாள் வந்தாள்.
பின்னாலேயே, சுவரைப் பிடித்துக்கொண்டு,
மாதம்மாள் வந்தாள்.

யாருக்கு யார் என்ன வேண்டும் என்று
நான் கேட்கவில்லை.
முனுசாமி சட்டத்துக்குள் இருந்தார், மாலையோடு.
நேர்க்கால்காரி சொன்னாள்:
"நான் பென்னாகரத்துப் பக்கம்,
ஆத்துத் தண்ணி குடிச்சி வளந்தவ.
எழுத வந்த பையன் வயசு கேட்டான்.
இவளுக்குப் போட்டதையே போட்டுக்கன்னேன்."

"எங்கள ஏற்கனவே ஒண்ணாக்கிட்டாங்க கண்ணு"
என்று சிரித்தாள் மற்றவள்.
"ரெண்டு முதியோர் பணம் வந்திச்சி.
இப்ப ஒண்ணுதான்.
அது எந்த மாதம்மாளுக்குன்னு எங்களுக்கே தெரியாது.
பாஸ்புக்கு அவளுது, ரேகை என்னுது.
பேங்குக்கு ரெண்டு பேரும் சேந்துதான் போவணும்.
இந்தக் காலோட."

டம்ளரில் தண்ணீர் கொடுத்தாள்.
ஒரு நொடி தயங்கினேன்.
அவள் பார்த்துவிட்டாள்.
"கேன் தண்ணிதான், குடி."

திரும்பி வந்து
மூவாயிரம் முடிச்சுகளில் ஐம்பதை எடுத்து
தொலைபேசியில் ஒவ்வொன்றாய் அவிழ்த்துப் பார்த்தோம்.
நான்கு தப்பு.
மூவாயிரத்துக்கு எத்தனை என்று
இம்தியாஸ் மனக்கணக்குப் போட ஆரம்பித்தான்,
பாதியில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனான்.
வெள்ளிக்கிழமை போயிற்று.
அடுத்த வெள்ளியும்.

வாய்மொழித் தேர்வில்
சேலத்திலிருந்து வந்த தேர்வாளர்
அட்டவணை நான்கில் விரல் வைத்தார்.
"முதல் வரைவில் தொண்ணூற்றெட்டுப் புள்ளி ஆறு.
இதில் தொண்ணூற்று இரண்டு.
வழக்கமாகத் துல்லியம் ஏறும்.
உங்களுக்கு ஏன் இறங்கியது?"

வரம்பு மதிப்பு, மாதிரி அளவு, பிழை அணி
எல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன்.

"ரெண்டு பேரும் வீட்டில் இருந்தார்கள், சார்."